பீமைத் துளைத்த குழாய்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நல்ல வார்த்தை எழுதும் மனநிலையில் நான் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிற ஒரு பொம்பளை இஞ்சினியருக்கு மனசு நிறைந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் நிறைந்திருப்பது கோபம். அதில் பாதி மற்றவர்கள் மேல், மீதி என் மேல். அதைத்தான் உங்களுக்குத் தர முடியும். வேண்டாமென்றால் இங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கம் வீடு கட்டுகிற முறை உங்களுக்குத் தெரியும். மொத்தமாக ஒரே ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். கொத்து வேலைக்கு ஒருத்தர், கம்பிக்கு ஒருத்தர், கரண்டுக்கு ஒருத்தர், குழாய்க்கு, டைல்ஸுக்கு, பெயிண்டுக்கு என்று வீட்டுக்காரரே தனித்தனியாகப் பேசிக்கொள்வார். வரைபடம் போட்டு, வந்து பார்த்து, சரியாக நடக்கிறதா என்று சொல்ல என்னை மாதிரி ஓர் ஆள். ஒவ்வொருத்தரும் தன் வேலையை மட்டும்தான் பார்ப்பார்கள். முழு வீட்டையும் பார்க்க வேண்டியவர் ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் பார்க்காவிட்டால் அந்த வீட்டை யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் வேறொன்று சொல்லித் தந்தார். பேரை விடுங்கள், நல்ல மனுஷன், கணக்கில் புலி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்காரரிடம் "முடியாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்காரன்ட்ட முடியாதுன்னு சொல்லாதம்மா. சரி, பாப்போம்னு சொல்லு. நாலு நாள்ல அவனே மறந்துருவான்" என்றார். புத்திசாலித்தனமாகப் பட்டது. பல வருஷம் அதையே செய்தேன். பல தடவை பலித்தது. பலித்ததுதான் ஆபத்து.

அது பலிக்காமல் போன வீட்டுக்கு இப்போது வருகிறேன்.

வீட்டுக்காரர் பெயர் சண்முகவேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்கிற ஊர்ப் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிற ஆள். பேச்சில் தோரணை உண்டு, மனசில் கள்ளம் கிடையாது. மகள் நர்சிங் படிக்க வந்ததால் ராமநாதபுரத்தை ஒட்டி மனை வாங்கி மாடி வீடு கட்டினார். மனைவி பஞ்சவர்ணம். அந்தம்மா அதிகம் பேச மாட்டார்.

அஸ்திவாரம் முடிந்த சமயம் சண்முகவேல் ஒரு மாற்றம் கேட்டார். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் சுவர் வேண்டாம், நாலு பேர் வந்து போகிற வீடு, ஒரே விரிப்பாக இருக்கட்டும் என்றார். நியாயமான ஆசை. சரியான நேரத்தில் கேட்டார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுவர் தாங்க வேண்டியதைத் தாங்குவதற்கு அந்த இடத்தில் கனமாக ஒரு பீம் கொடுத்தேன். புது வரைபடத்தைக் கம்பிக்காரர், கொத்தனார், கரண்டுக்காரர் எல்லோர் கையிலும் கொடுத்து, பழசை வாங்கிக் கிழித்துப் போட்டேன். ஒரு சிக்கலும் வரவில்லை. ஆகவே மாற்றமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வீடு கட்டும்போதுதான் வீட்டை ஜனங்கள் முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறார்கள். மனசு மாறத்தான் செய்யும்.

மேல்தளத்துச் சுவர்கள் எழும்பி, மாடிக்கும் கூரை போட்டு முடித்த பிறகு, சண்முகவேல் ஏதோ பரிகாரத்துக்காகத் தேவிபட்டினம் போனார். கடலுக்குள் நவகிரகத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தவர் டீக்கடையில் ஒரு வாஸ்துக்காரரிடம் மாட்டிக்கொண்டார். செல்போனில் இருந்த வரைபடத்தைக் காட்டியிருக்கிறார். மாடி பாத்ரூம் ஈசானிய மூலையில் இருக்கிறது, அது பிள்ளைக்கு ஆகாது என்று அந்த ஆள் சொல்லிவிட்டார். சண்முகவேலுக்கு ஒரே பிள்ளை.

அங்கிருந்தே எனக்குப் போன் வந்தது.

"மேடம், மாடி பாத்ரூம மட்டும் எதிர் மூலைக்கு மாத்திருவம். ஒண்ணும் பெரிய வேலையில்லல்ல?"

நான் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் வேலையில் நின்றுகொண்டிருந்தேன். கான்கிரீட் வண்டி பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்கிறார்கள், வெயில் ஏறுகிறது. அந்த அவசரத்தில் வாயில் பழகிய வார்த்தை வந்தது.

"சரி, பாப்போம். ஞாயித்துக்கெழமை வாரேன்."

நான் சொன்னதில் அவருக்குக் கேட்டது முதல் வார்த்தை மட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. லாட்ஜில் வேலை இழுத்துக்கொண்டது. அதற்குள் சண்முகவேல் குழாய் வேலைக்காரர் செல்வத்தைக் கூப்பிட்டு, "மேடம் சரின்னுட்டாங்க" என்றிருக்கிறார். செல்வம் டைல்ஸ்காரரிடம் அதையே சொல்லியிருக்கிறார். டைல்ஸ்காரர் கொத்தனாரிடம். நான் சொல்லாத சம்மதம் நாலு வாய் மாறி உத்தரவாகிவிட்டது.

பாத்ரூம் என்றால் தளத்தைக் கொஞ்சம் இறக்கிப் போட்டிருக்க வேண்டும், கழிவுக் குழாய் அதற்குள் ஓடும். பழைய மூலையில் அப்படித்தான் போட்டிருந்தோம். புது மூலையில் தளம் மட்டமாக இருந்தது. ஆகவே குழாயைத் தளத்துக்கு அடியில், கீழ்வீட்டின் கூரையை ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். வழியில் குறுக்கே நின்றது அந்தக் கனமான பீம். தண்ணீர் ஓடச் சரிவாக வாட்டம் வேண்டுமென்றால் பீமின் அடிப்பாகத்தில்தான் குழாய் போக முடியும். அடிப்பாகத்தில்தான் பீமின் உயிரான கம்பிகள் இருக்கின்றன.

செல்வத்தின் ஆட்கள் மெஷின் வைத்து ஓட்டை போட்டார்கள். கம்பி தட்டுப்பட்டது. அறுத்தார்கள். மூன்றில் இரண்டை.

இதைப் படிக்கும்போது உங்களுக்குச் செல்வம் மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் செல்வம் ஒன்று செய்தார். வேலை முடிந்ததும் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அந்த வீட்டுக்கென்று சண்முகவேல் ஒரு குரூப் வைத்திருந்தார். வீட்டுக்காரர், நான், எல்லா வேலைக்காரர்களும் அதில் இருந்தோம். படத்துக்குக் கீழே 'சரி' என்கிற கட்டைவிரல் குறியை நான் அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். ஒரு நாளைக்கு ஐம்பது படம் வரும் எனக்கு. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால், பீமுக்குள் குழாய் நுழைவது குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு நடந்தது எல்லாமே ஒழுங்காக நடந்தது. டைல்ஸ்காரர் பாத்ரூம் தரையை உயர்த்த உடைசெங்கல்லை நிரப்பினார், வேலை சுத்தம். கொத்தனார் கருப்பையா மேஸ்திரி புதிதாகச் செங்கல் சுவர் எழுப்பினார், தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேர். ஓட்டையைச் சுற்றிப் பூசி மட்டமாக்கினார். கரண்டுக்காரர் தன் வயரையும் அதே ஓட்டையில் கொண்டுபோனார், அவருக்கு ஒரு வேலை மிச்சம். சாப்பாட்டு அறைப் பக்கம் குழாய் தெரியாமல் ஃபால்ஸ் சீலிங் வந்தது. அவரவர் வேலையில் யாரும் குறை வைக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து கட்டியது ஒரு பொறி.

இடையில் நான் இரண்டு தடவை போனேன். "பைப் எப்படிய்யா கொண்டு போனீங்க?" என்று செல்வத்தைக் கேட்டேன். "சீலிங்குக்கு மேலயே போயிருச்சு மேடம்" என்றார். பொய்யில்லை. நான் அதோடு விட்டேன். கேள்வி கேட்ட திருப்தியே போதும் என்று இருந்திருக்கிறேன் போல.

பெயிண்ட் வேலைக்கு வந்தவர் சிவநேசன். மண்டபம் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழர். சின்ன வயதில் படகில் வந்தவர், வளர்ந்து கல்யாணம் முடித்தது எல்லாம் முகாமில்தான். முகாமிலிருந்து பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய பேர் உண்டு. அவர்களில் இவர் கைவேலை தெரிந்தவர். பெயிண்டுக்கு முன் பட்டி பூசி மட்டமாக்கிய சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் அடுத்த கைக்குப் போவார். அந்த வாட்ஸ்அப் குரூப்பில் இவரை மட்டும் யாரும் சேர்க்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

ஹாலில் அந்தப் பீமின் அடியில் பட்டி போட்டார். இரண்டு நாளில் மயிர் போல ஒரு விரிசல். சுரண்டி மறுபடி போட்டார். அதே இடத்தில் மறுபடி விரிசல், இந்தத் தடவை பக்கவாட்டிலும் ஏறியிருந்தது. கருப்பையா மேஸ்திரியிடம் சொன்னார். "அது பூச்சு காயுறது, நீ பட்டியப் போடு" என்று பதில். சண்முகவேலிடம் சொன்னார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று. "ஒழுங்கா பட்டி போடத் தெரியல, பீமக் கொற சொல்றியா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

மூன்றாவதாக எனக்குப் போன் செய்தார்.

"மேடம், பெயிண்டர் சிவநேசன் கதைக்கிறேன். ஹால் பீமில வெடிப்பு வருது. பட்டியால வாற வெடிப்பு மாதிரி இல்ல. ஒருக்கா வந்து பாருங்கோ."

நான் அன்றும் ராமேஸ்வரத்தில்தான். நான் சொன்ன பதில் எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "அது பூச்சு சுருங்குறதுதான் சிவநேசன். ரெண்டு நாள் விட்டுப் போடுங்க." கொத்தனார் சொன்னதையே நானும் சொன்னேன். டிப்ளமா படித்து, அத்தனை வருஷம் வெயிலில் நின்று, இருந்த இடத்திலிருந்தே, பார்க்காத விரிசலுக்கு வைத்தியம் சொன்னேன்.

சிவநேசன் இடத்தில் வேறொருத்தர் இருந்திருந்தால் அதோடு விட்டிருப்பார். மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது, கடமை முடிந்தது. அவர் பழைய செய்தித்தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, விரிசலுக்குக் குறுக்கே பசை போட்டு இறுக்கமாக ஒட்டினார். சாயந்திரம் ஒட்டியது காலையில் கிழிந்திருந்தது. காற்றுப் படாத, கை எட்டாத இடத்தில் காகிதம் தானாகக் கிழியாது. இரண்டு பக்கமும் விலகினால்தான் கிழியும். பட்டியில் விரிசல் விட்டதா, பீமில் விட்டதா என்று கண்டுபிடிக்க அவர் செய்தது அவ்வளவுதான். நான் செய்திருக்க வேண்டிய சோதனை அது.

கிழிந்த காகிதத்தை அவர் சண்முகவேலிடம் காட்டப் போனார். அவர் பார்க்கக்கூட இல்லை. "கேம்ப்காரன வேலைக்கு விட்டா இப்பிடித்தான், நல்ல காரியத்துக்கு முன்னால அபசகுனமாப் பேசுறான்" என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வேறு ஆளை வைத்து அவசரமாக விரிசலை அடைத்துப் பெயிண்ட் அடித்தார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள். முகாமில் அன்று ஆள் சரிபார்க்கிற நாள். அதை முடித்துவிட்டு சிவநேசன் பஸ் ஏறி ராமேஸ்வரத்துக்கு, நான் நின்ற லாட்ஜுக்கே வந்துவிட்டார். வேலை போன வீட்டுக்காக, கைக்காசில் பஸ் ஏறி.

"போனில சொன்னா உங்களுக்கு விளங்கேல்ல மேடம். அதான் நேரில வந்தனான்" என்றார். குரலில் கோபம் இல்லை. கிழிந்த காகிதத்தைக் கையில் கொடுத்தார். செல்போனில் படங்களைக் காட்டினார். முதல் விரிசல், இரண்டாவது, கிழிவதற்கு முன் காகிதம், கிழிந்த பின் காகிதம்.

அப்போதுதான் என் போனை எடுத்து, குரூப்பில் பழைய படங்களைத் தேடினேன். செல்வம் போட்ட படம் இருந்தது. கீழே என் கட்டைவிரல். விரலால் படத்தைப் பெரிதாக்கினேன்.

வண்டி எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம். மண்டபம் வந்ததும் "நீங்க இறங்கிக்கங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். "இல்ல, நானும் வாறேன். எந்த இடம் எண்டு நான் காட்டோணும்" என்றார்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பந்தல், வாழைமரம். சிக்கலிலிருந்து வேன் வந்து இறங்கியிருந்தது. ஹால் நிறைய சொந்தக்காரர்கள். மாடியில் அந்தப் பீமுக்கு நேர் மேலே இருந்த அறையில் பெண்களும் பிள்ளைகளும் பெட்டி படுக்கையோடு. புது பாத்ரூமில் வரிசையாகக் குளித்துக்கொண்டிருக்கிறார்கள், தண்ணீர் ஓடுகிற சத்தம் கீழே கேட்கிறது.

கருப்பையா மேஸ்திரி பந்தலில் உட்கார்ந்திருந்தார். "மேஸ்திரி, ஏணியப் போட்டு இந்த சீலிங்கப் பிரிங்க" என்றேன். அவர் சண்முகவேலைப் பார்த்தார்.

"என்ன மேடம் வெளையாடுறீங்க?" என்றார் சண்முகவேல். "விடிஞ்சா விசேஷம். சொந்தபந்தமெல்லாம் வந்து எறங்கியாச்சு. எல்லாம் முடியட்டும், அடுத்த வாரம் வந்து பிரிங்க." பிறகு என் பின்னால் நின்ற சிவநேசனைப் பார்த்தார். "இவன் சொல்லித்தான் வந்தீகளாக்கும்."

ஏணியை நானே இழுத்துப் போட்டு ஏறினேன். சுத்தியலால் சீலிங்கில் நாலு போடு போட்டேன். வெள்ளைப் பலகை உடைந்து ஹாலில் விழுந்தது, ஜனங்கள் ஒதுங்கினார்கள். உள்ளே குழாய். குழாயைச் சுற்றிச் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைத் திணித்து மேலே பூசியிருந்தார்கள். காகிதத்தை இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் அறுபட்ட கம்பிகளின் முனை. நம்ம கடல் காற்றுக்கு அதற்குள் துரு பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

கீழே பார்த்தேன். "மேஸ்திரி, இது ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் தாயி. பூசச் சொன்னாக. பூசினேன்."

அந்த நேரத்தில் அவரைத் திட்டுவதற்கு எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். ஆபத்து தலைக்கு மேல் நிற்கும்போது யார் செய்தது என்று கேட்காதீர்கள். கேட்டால் எல்லோரும் வாதாட ஆரம்பிப்பார்கள், பாரம் அப்படியே இருக்கும். முதலில் பாரத்தை இறக்குங்கள், பிறகு முட்டுக் கொடுங்கள், பிறகு பேசுங்கள். "மேஸ்திரி, முட்டு வேணும். எங்கருந்து கொண்டு வருவீகளோ தெரியாது, அரை மணி நேரத்துல வேணும்" என்றேன். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

மாடியில் இருப்பவர்களை இறக்கப் போனேன். சண்முகவேல் படிக்கட்டை மறித்து நின்றார்.

"யாரும் எறங்க வேணாம். என் வீட்டுக்கு வந்தவுகள நாளைக்கு நல்ல நாள வச்சுக்கிட்டு வெளிய எறக்கி விடுவேனா? ஊரு சிரிக்கும் மேடம்."

"ஊரு சிரிக்கட்டும். ஒதுங்குங்க."

ஒதுங்கவில்லை. அவரோடு கத்திப் பயனில்லை என்று தெரிந்தது. சத்தம் கேட்டு மாடிப்படி மேலே பஞ்சவர்ணம் வந்து நின்றார். நான் அந்தம்மாவைப் பார்த்துப் பேசினேன்.

"அம்மா, நீங்க நிக்கிற தளத்தத் தாங்குற பீமுல கம்பிய அறுத்துட்டாங்க. எல்லாரையும் கூட்டிட்டு எறங்குங்க."

"இப்ப விழுந்துருமா?" என்றார்.

நல்ல கேள்வி. ஆம் என்று சொன்னால் பயத்தில் முண்டியடித்து ஓடுவார்கள். இல்லை என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியல. பத்து வருஷம் நிக்கவும் செய்யலாம், இன்னைக்கே எறங்கவும் செய்யலாம். எனக்கே தெரியாத எடத்துக்கு மேல ஒங்க பிள்ளய நிக்க விட மாட்டேன்."

அந்தம்மா புருஷனைப் பார்க்கவே இல்லை. உள்ளே போனார். மகளை முன்னால் விட்டு, ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். பின்னாலேயே மற்ற பெண்கள், ஒவ்வொருவராக, சுவரோரமாக. மகள் எதிரே வந்ததும் சண்முகவேல் வழிவிட்டார். சிவநேசன் பின்பக்கமாகப் போய் மொட்டைமாடி ஏறி, தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியிருக்கிறது.

கருப்பையா மேஸ்திரி பக்கத்துத் தெருவில் சென்ட்ரிங் போட்டிருந்த வீட்டிலிருந்து இரும்பு முட்டுகளை வண்டியில் அள்ளிக்கொண்டு வந்தார். ஹாலில் வரிசையாக நிறுத்தி இறுக்கினோம். கடைசி முட்டை இறுக்கும்போது பீமின் அடியிலிருந்து பட்டியும் பூச்சும் சேர்ந்து பெரிய பத்தையாக மேஸ்திரியின் தோளில் விழுந்தது. விரிசலுக்குள் என் சுண்டுவிரல் நகம் நுழைந்தது. அதுவரை வெளியே முணுமுணுத்துக்கொண்டிருந்த உறவினர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

மறுநாள் காலையில் பந்தலிலேயே செங்கல் கூட்டிப் பால் காய்ச்சினார்கள். வீட்டுக்குள் யாரையும் விடவில்லை. பிறகு மதுரையிலிருந்து இந்த மாதிரிச் சேதத்தைக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவரை வரவழைத்தோம். மாடியில் நிரப்பிய செங்கல்லை எல்லாம் எடுத்தோம். குழாயை வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோனோம். ஹாலின் நடுவில் இரும்புத் தூண் ஒன்று வந்தது. வீடு இன்றைக்கும் நிற்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது பீமைப் பற்றி இல்லை. அன்று சாயந்திரம் பந்தலில் நடந்ததைப் பற்றி.

முட்டுக் கொடுத்து முடிந்ததும் சண்முகவேல் செல்வத்தையும் வரவழைத்து எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். தன் மகளை எதன் மேல் படுக்கவைக்க இருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "யாரு சொல்லி அறுத்தீங்க?" என்று கேட்டார்.

செல்வம், "நீங்கதான் சார் மேடம் சரின்னுட்டாங்கன்னு சொன்னீங்க" என்றார். பிறகு போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். "மறைச்சு ஒண்ணும் செய்யலயே. படம் போட்டேன். மேடம் கட்டைவிரல் போட்டாங்க." போன் கை மாறிக் கை மாறி எல்லோரிடமும் போய் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா. நான் சரியாப் பாக்கல. தப்பு என்னோடது" என்றேன். இதைச் சொன்னதற்காகப் பிற்பாடு ரொம்பப் பேர் என்னை மெச்சினார்கள். வேலைக்காரர்களை விட்டுக்கொடுக்காத இஞ்சினியர் என்று பெயர்கூட வந்தது.

அப்போது சண்முகவேல் சிவநேசனைப் பார்த்துத் திரும்பினார். "நீயும் விரிசல்னு பொதுவாத்தானய்யா சொன்ன. இவ்வளவு ஆபத்துன்னு தெளிவாச் சொல்லியிருந்தா நாங்க மேடத்தக் கூப்பிட்டிருக்க மாட்டமா? மேடத்துக்கு ஒரு போனப் போட்டிருக்கலாம்ல?"

சிவநேசன் என்னைப் பார்த்தார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் போன் போட்டார், நான்தான் வரவில்லை என்று. ஒரே ஒரு வாக்கியம். ஏற்கெனவே ஒரு தப்பை எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டுவிட்டேன், கட்டைவிரலைப் படம் போட்டுக் காட்டியாயிற்று. இரண்டாவது தப்பையும் ஒத்துக்கொள்ள எனக்கு அந்த நேரத்தில் திராணி இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். சாட்சி இருந்த தப்பை ஒத்துக்கொண்டேன், சாட்சி இல்லாததை விழுங்கிவிட்டேன். அதற்குப் பெயர் நேர்மை இல்லை.

சிவநேசன் அங்கேயே விட்டுப்போயிருந்த தன் பிரஷ் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

பெயிண்டர் பட்டியைச் சரியாகப் போடாமல், விவரமும் சொல்லாமல், நல்ல காரியம் நின்றுபோனது என்று கதை பரவியது. கருப்பையா மேஸ்திரிக்கு அடுத்த மாதமே வேலை கிடைத்தது. செல்வத்துக்கும் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. சிவநேசனை ராமநாதபுரத்தில் யாரும் கூப்பிடவில்லை. வேறொரு மேஸ்திரி பேச்சுவாக்கில் "அந்த ராசியில்லாத கேம்ப்காரன்" என்று சொன்னபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அன்று அந்த மேஸ்திரியை நான் திட்டிய திட்டு, உண்மையில் எனக்கு விழ வேண்டியது.

அதன் பிறகும் உண்மையைச் சொல்ல உடனே போகவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளினேன். கடைசியில் ஒரு நாள் சண்முகவேல் வீட்டுக்குப் போனேன். செல்வமும் மேஸ்திரியும் வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லி வரவழைத்தேன். எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். "விரிசல் வந்தப்பவே சிவநேசன் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. பட்டி வெடிப்பு இல்லன்னு தெளிவாச் சொன்னாரு. நான்தான் வந்து பாக்கல. அன்னைக்கு பந்தல்ல இத நான் சொல்லல."

"இப்ப எதுக்கு மேடம் அதெல்லாம்? முடிஞ்சு போச்சு" என்றார் சண்முகவேல். பஞ்சவர்ணம் மட்டும் உள்ளேயிருந்து வந்து, "அந்தத் தம்பி நம்பர் இருந்தா குடுங்க" என்று கேட்டார். கொடுத்தேன்.

பிள்ளைகளே, மாற்றத்தை எழுதி வாங்குங்கள், பழைய வரைபடத்தைக் கிழியுங்கள், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் கோபமாகச் சொல்ல வந்தது ஒன்றுதான். வீட்டில் என்ன தப்பு நடக்கிறது என்று முதலில் தெரிகிறவர், பெரும்பாலும் அந்த வீட்டில் யாரும் மதிக்காத ஆளாகத்தான் இருப்பார். அவர் சொல்வதைக் கேட்பதோடு உங்கள் வேலை முடியாது. அவர்தான் சொன்னார் என்பதை, எல்லோரும் கூடியிருக்கும்போது, அதே இடத்தில், அதே நேரத்தில் நீங்கள் சொல்ல வேண்டும். பிறகு சொல்வது அவருக்கு உதவாது, உங்கள் தூக்கத்துக்குத்தான் உதவும்.

சண்முகவேல் வீட்டிலிருந்து வெளியே வந்ததும் சிவநேசனுக்குப் போன் போட்டேன். திருப்பூரில் இருந்தார், ஏதோ கம்பெனிக் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. பெஞ்சாதி பிள்ளைகள் மண்டபத்தில், மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொன்னார். நான் போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

"அது நடந்து எத்தனை மாசம் மேடம்?" என்றார்.

"ஏழு மாசம்."

"ஓம். நல்லது மேடம்" என்றார். "நான் ஏணியில நிக்கிறேன். வைக்கிறேன்."